உப்புக் கரிக்கும் பிள்ளை

(பழவேற்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் நெஞ்சக நோய் மருத்துவர். மற்றவர்கள் முகம் சுளிக்கிற சளியைத்தான் முப்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அறக்கட்டளைக்காரர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பேசுவது இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்குப் பயன்பட வேண்டும். அதை மனதில் வைத்து ஒரு நோயைப் பற்றியும், அதற்காக உலகம் தேடிக்கொண்டிருக்கும் ஒரு மருந்தைப் பற்றியும் சொல்ல வந்திருக்கிறேன். அந்த மருந்தைக் குளத்திலும் சாக்கடையிலும் அழுகிய காயிலும் கழிமுகச் சேற்றிலும் தேடுகிறார்கள். நீங்கள் தினமும் கால் வைக்கிற இடங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஏரிக்கரைக் குடும்பம் ஒன்று தங்கள் பெண்பிள்ளையை என்னிடம் கூட்டிவந்தது. வயது ஏழு. பார்த்தால் நாலுதான் சொல்லலாம். நகங்கள் வளைந்து, விரல் நுனிகள் குமிழாகப் பருத்திருந்தன. ஓயாத இருமல். அதற்கு முன்பே இரண்டு முறை காசநோய் மருந்து முழுக்கோர்ஸ் கொடுத்திருந்தார்கள்; சளியில் காசநோய்க் கிருமி ஒருமுறைகூடத் தென்பட்டதில்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை. மலம் எண்ணெய் மிதக்கப் போகிறது என்றார் தாய். கோடை வந்தால் வாடிய கீரையாகத் துவண்டுவிடுகிறாள் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "இவளை உச்சி மோந்தாக்கூட உப்புக் கரிக்குது டாக்டரம்மா" என்றார்.

இதை முன்பு காட்டிய இடத்திலும் அவர் சொல்லியிருக்கிறார். கடலோரத்தில் எந்தப் பிள்ளை உப்புக் கரிக்காது என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். அவர்களை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். உப்புக்காற்றில் காயும் ஊரில், உப்புத்தண்ணீரில் விளையாடும் பிள்ளையின் நெற்றியில் உப்பு இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஆனால் தாய்க்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. மற்றப் பிள்ளைகளைக் குளிப்பாட்டினால் உப்புப் போய்விடும். இவளுக்குக் குளித்துத் துடைத்த அரை மணியில் மறுபடியும் வந்து நிற்கும். மூத்த பையன் ஒருவன் ஒன்றரை வயதில், சித்திரை வெயிலில், என்னவென்று தெரியாமலே இறந்துபோனான். கணவன் சொந்த அத்தை மகன்.

வியர்வையைச் சோதித்தோம். ஒரு லிட்டர் வியர்வையில் குளோரைடு 60 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் நோய் என்று வைத்துக்கொள்ளலாம். அவளுக்கு அந்த அளவை வெகுவாகத் தாண்டியிருந்தது.

நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நம் உடம்பின் உயிரணுச் சவ்வில் உப்பு போய்வர ஒரு வாசல் உண்டு. அதைக் கட்டுகிற மரபணுவை 1989ல் கண்டுபிடித்து சி.எஃப்.டி.ஆர். என்று பெயர் வைத்தார்கள். தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக, பழுதான பிரதிகள் இரண்டும் பிள்ளைக்கு வந்து சேர்ந்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும். பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். முகத்துவாரம் தூர்ந்தால் ஏரி என்ன ஆகிறது? கடல்நீர் ஏறாது, உள்நீர் வடியாது, இறால் குஞ்சு உள்ளே வராது, தேங்கிய தண்ணீரில் மீன் செத்து மிதக்கும். தூர்வாரச் சொல்லி எத்தனை மனுக் கொடுத்திருப்பீர்கள்! நுரையீரலிலும் அதுதான் நடக்கிறது. உப்பு வாசல் அடைபட்டால், உப்பைத் தொடர்ந்து வர வேண்டிய நீர் மூச்சுக்குழாய்க்குள் வராது. வழுக்கி நகர வேண்டிய சளி பிசினாகிவிடும். மூச்சோடு உள்ளே போகும் கிருமியைத் தள்ளி வெளியேற்றும் ஓட்டம் நின்றுவிடும். கணையத்தின் குழாய்களும் அடைபடுவதால் செரிமான நீர் குடலுக்கு வராது. வியர்வைச் சுரப்பியில் மட்டும் கணக்குத் தலைகீழ். அங்கே வாசலின் வேலை வியர்வையிலிருந்து உப்பைத் திரும்ப உடம்புக்குள் இழுத்துக்கொள்வது. வாசல் மூடியிருந்தால் உப்பு அத்தனையும் தோலுக்கு வந்துவிடும்.

1948ல் நியூயார்க்கில் கடும் வெயில் அடித்த ஒரு கோடையில், இந்த நோயுள்ள குழந்தைகள் உப்பும் நீரும் வற்றிச் சுருண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். அதிலிருந்து கிளம்பிய ஆராய்ச்சியில்தான், 1953ல், இவர்களின் வியர்வையில் உப்பு மிகுதி என்பதை பால் டி சான்டாக்னீஸ் நிறுவினார். நியூயார்க் வெயிலுக்கே அப்படியென்றால் நம் கத்திரி வெயிலுக்கு? இந்தியக் குழந்தைகளில் சிலரை இந்த உப்பு இழப்பே முதலில் வீழ்த்துகிறது. அந்த மூத்த பையன் அப்படித்தான் போயிருப்பான் என்று நினைக்கிறேன்.

இது வெள்ளைக்காரர் நோய், நமக்கு வராது என்று என் மாணவப் பருவத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அது தவறு. வெளிநாடுகளில் குடியேறிய இந்தியக் குடும்பங்களை வைத்துப் போட்ட கணக்குகள் பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்று என்பதிலிருந்து நாற்பதாயிரத்துக்கு ஒன்று என்பது வரை இருக்கின்றன. டெல்லி எய்ம்ஸில் டாக்டர் எஸ்.கே.காப்ரா குழுவினர் பல ஆண்டுகளாக இந்தக் குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட நோய் கூடுதலாகவே இருக்க வாய்ப்புண்டு. நாம் தேடுவதில்லை, அதனால் கிடைப்பதில்லை.

இனி கிருமிக்கு வருகிறேன். தேங்கிய சளியில் குடியேறுகிறவற்றில் பெரிய தொல்லை சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. சளி பச்சையாக வரும். ஆய்வகத்தில் வளர்த்த தட்டைத் திறந்தால் பழுத்த திராட்சை மணம் அடிக்கும். அவ்வளவு இனிய மணத்துக்குள் இப்படி ஒரு கிருமியா என்று ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கசக்கும். இது கூட்டமாகச் சேர்ந்து, படகின் அடியில் பாசி பிடிப்பதுபோல் ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்காரும். ஆன்டிபயாட்டிக் அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போவதே பாடு. போனாலும், படகில் ஏறிய தண்ணீரை இறைத்துக் கொட்டுவதைப்போல மருந்தை வெளியே இறைத்துவிட அதன் உடம்பில் பம்புகள் இருக்கின்றன. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுக்கக் கொடுக்க, தாக்குப்பிடிக்கிறவை மட்டும் மிஞ்சிப் பெருகும். கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மருந்துக்கு நேரேயும் 'கேட்காது' என்ற குறி ஏறிக்கொண்டே வரும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தாயின் முகத்தைப் பார்ப்பதைவிடக் கடினமான வேலை என் தொழிலில் இல்லை.

இந்த ஊரில் இதைச் சொன்னால் புரியும். ஆன்டிபயாட்டிக் என்பது சுருக்குமடி. வேண்டிய மீனையும் வேண்டாத குஞ்சையும் சேர்த்து வாரும். நல்ல பாக்டீரியாவும் போகும். சளிக்காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கி, இரண்டை விழுங்கிவிட்டு இரண்டை அஞ்சறைப் பெட்டியில் வைப்பதும் அதே நாசத்தைத்தான் செய்கிறது. கடைசிக் கட்ட ஆன்டிபயாட்டிக்குகளையும் முறிக்கும் என்.டி.எம்.1 என்ற மரபணு பரவிவருவதை 2010ல் லான்செட் தொற்றுநோய் இதழில் உலகுக்கு அறிவித்த கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னை நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளும் இருந்தன. 2012ல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கு வழி வகுத்ததும் சென்னையில்தான். 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டில்லாமல் விற்றால் பதிவேட்டில் அகப்படும்படி 'எச்1' விதி வந்தது. 2019ல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தார்கள் என்பது மதிப்பீடு.

சுருக்குமடிக்கு எதிர்முனையில் இந்த ஏரியில் இன்னொரு தொழில் இருக்கிறது. இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கிறார்கள். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை. விரல் நுனிதான் கண். கைக்குத் தட்டுப்படுவது இறாலா கல்லா என்று தொட்ட மாத்திரத்தில் தெரியும். இறால் மட்டும் பறிக்குள் போகும்.

நான் சொல்ல வந்த மருந்து அப்படி வேலை செய்வது. பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ். பாக்டீரியாவை மட்டும் தாக்குகிற வைரஸ். அதற்குக் கண் இல்லை, நீந்தவும் தெரியாது. தண்ணீரில் மிதந்துகொண்டே போகும். வாலின் நுனி இழைகளால் தொட்டுப் பார்க்கும். தனக்குரிய பாக்டீரியாவாக இல்லாவிட்டால் நகர்ந்துவிடும். பொருந்திவிட்டால் ஒட்டிக்கொண்டு தன் மரபணுவை உள்ளே செலுத்தும். அரை மணி, ஒரு மணிக்குள் பாக்டீரியா வெடிக்க, நூறு போலப் புதிய ஃபேஜ்கள் வெளியே வந்து அடுத்ததைத் தேடும். தனக்குரிய கிருமி தீர்ந்தால் ஃபேஜும் குறைந்துவிடும். மனித உயிரணுவை அது தொடுவதில்லை.

கதை நம் நாட்டிலேயே தொடங்குகிறது. 1896ல் ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹாங்கின், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி தங்காமல் சாகிறது என்று எழுதினார். பீங்கான் வடிகட்டியில் வடித்த நீருக்கும் அந்தக் குணம் இருந்தது, கொதிக்கவைத்தால் போய்விட்டது. அது ஃபேஜாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கருதினார்கள். 1915ல் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் ட்வார்ட்டும் 1917ல் பாரிஸில் ஃபெலிக்ஸ் டி ஹெரெலும் தனித்தனியே இதைக் கண்டார்கள். பெயர் வைத்தவர் டி ஹெரெல். 1927ல் அவரே இந்தியாவுக்கு வந்து காலரா நோயாளிகளுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்தார். பிறகு பெனிசிலின் வந்தது. உலகம் ஃபேஜை மறந்தது. ஜார்ஜியா நாட்டின் திபிலிசி நகரில் 1923ல் தொடங்கிய எலியாவா நிறுவனம் போன்ற சில இடங்கள் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. இந்தியாவிலிருந்து இன்றும் நோயாளிகள் அங்கே போகிறார்கள்.

உலகம் மறுபடி திரும்பிப் பார்த்ததற்குக் காரணங்களில் ஒன்று ஒரு கத்திரிக்காய். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், தமிழர்கள் நிறைய வாழும் அதே டர்பனில், ஒரு மாணவி அழுகிய கத்திரிக்காயின் அடிப்பக்கத்தைச் சுரண்டி ஒரு ஃபேஜைப் பிரித்தெடுத்தார். அதற்கு 'மடி' என்று ஆங்கிலத்தில் பெயர். சேற்றுத்தன்மை உடையது என்று பொருள். அது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கிரஹாம் ஹாட்ஃபுல் என்ற பேராசிரியரின் உறைபெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. மாணவர்கள் மண்ணிலும் குப்பையிலும் தேடிக் கண்டெடுத்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஃபேஜ்கள் அங்கே சேகரிப்பில் இருந்தன. லண்டனில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள 15 வயதுப் பெண் ஒருத்திக்கு இரண்டு நுரையீரல்களையும் மாற்றிவைத்தபின், மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி உடம்பெங்கும் பரவிவிட்டது. எந்த மருந்தும் கேட்கவில்லை. 2018ல் மூன்று ஃபேஜ்களைச் சேர்த்து நாளுக்கு இருமுறை ரத்தநாளம் வழியே கொடுத்தார்கள். ஒன்று அந்தக் கத்திரிக்காய் ஃபேஜ். மற்ற இரண்டும் கிருமியைக் கொல்லும்படி மரபணு மாற்றம் செய்தவை. சில வாரங்களில் புண்கள் ஆறத் தொடங்கின, கல்லீரலில் இருந்த கட்டி ஏறக்குறைய மறைந்தது. கிருமி முற்றாக ஒழியவில்லை. பெண் வீட்டுக்குப் போனாள். அந்தக் கத்திரிக்காயைக் குப்பையில் எறியாமல் சுரண்டிப் பார்த்த மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.

பிறகு அதே வகைக் கிருமி தாக்கிய 20 பேருக்கு ஃபேஜ் கொடுத்ததில் 11 பேரிடம் நல்ல பலன் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியவில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த வேலை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் சான் செய்தது. கனெக்டிகட்டில் டாட்ஜ் குளம் என்றொரு குளத்து நீரில் அவர் ஒரு ஃபேஜைக் கண்டெடுத்தார். சூடோமோனாஸ் மருந்தை இறைத்து வெளியே கொட்டும் என்றேனே, அந்தப் பம்பையே கைப்பிடியாகப் பிடித்துத்தான் இந்த ஃபேஜ் ஏறும். கிருமி தப்பிக்க வேண்டுமென்றால் பம்பை மாற்றிக்கொள்ள வேண்டும் அல்லது கைவிட வேண்டும். கைவிட்டால் பழைய ஆன்டிபயாட்டிக் மறுபடி கேட்கத் தொடங்கும். இந்த யோசனையின் வழியில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள 9 பேருக்கு நெபுலைசர் மூலம் மூச்சோடு ஃபேஜ் கொடுத்த அனுபவத்தை 2025ல் வெளியிட்டார்கள். சளியில் சூடோமோனாஸ் வெகுவாகக் குறைந்தது, மூச்சுத் திறனும் ஓரளவு கூடியது. 9 பேர் என்பது சிறிய எண். இருந்தாலும் எனக்கு அது தூக்கத்தைக் கெடுத்த செய்தி.

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? பெங்களூரில் ஜானகிராமன் ராமச்சந்திரன் 2000ல் தொடங்கிய கங்காஜென், ஃபேஜிலிருந்து எடுத்த புரதத்தை மருந்தாக்க உழைத்தது. வேலூர் வி.ஐ.டி.யில் ரமேஷ் நாச்சிமுத்துவின் ஆய்வகம் மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு எதிரான ஃபேஜ்களைத் தேடிச் சேர்க்கிறது. வாராணசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கோபால் நாத் ஆறாத புண்களுக்கு ஃபேஜ் பூசிப் பலன் கண்டு எழுதியிருக்கிறார்.

இறால் வளர்ப்பிலும் ஃபேஜ் வேலை நடந்திருக்கிறது; அதைச் சொன்னால் உங்களுக்குப் பழைய நினைவுகள் வரும். 1996 டிசம்பரில், இறால் பண்ணைகளை எதிர்த்த ஜெகந்நாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் பழவேற்காடு ஏரியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை வைக்கக் கூடாது என்றார்கள். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் விப்ரியோ என்ற பாக்டீரியா புகுந்தால் இரவில் தொட்டி மினுங்கும். விடிந்தால் குஞ்சுகள் அடியில் செத்துக் கிடக்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் கொட்டினார்கள். அதன் மிச்சம் இறாலில் இருந்ததால் வெளிநாடுகள் சரக்கைத் திருப்பி அனுப்பின. அப்போது ஃபேஜ் பக்கம் திரும்பினார்கள். மங்களூர் மீன்வளக் கல்லூரியினர் விப்ரியோவுக்கு எதிரான ஃபேஜைப் பொரிப்பகத்திலேயே சோதித்து 2006, 2007ல் வெளியிட்டார்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தினர் தென்கிழக்குக் கடற்கரையில் கிடைத்த ஃபேஜ்களைக் கலவையாக்கிப் பார்த்தார்கள். நல்ல வேலை, மதிக்கிறேன். ஆனால் டாலர் கொடுக்கும் இறாலுக்குத் தேடிய அளவுக்கு இருமுகிற பிள்ளைக்கு இந்தக் கரையில் யாரும் தேடவில்லை. அதை நான் இங்கே சொல்லாமல் போனால் என் மனசாட்சி ஒப்பாது.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். ஏரித் தண்ணீரைக் குடித்தாலோ கங்கை நீரைக் கொண்டுவந்து தெளித்தாலோ இந்த நோய் போகாது. கூடுதலாக நோய்தான் வரும். ஒரு சொட்டுச் சேற்றுநீரிலிருந்து மருந்து வரைக்கும் நீண்ட பாதை. நீரை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்த நோயாளியின் கிருமியோடு கலந்து, தட்டில் ஊற்றி ஓரிரவு வைக்க வேண்டும். கிருமி வளர்ந்து தட்டு முழுக்க மோர் ஊற்றியதுபோல் மங்கலாகியிருக்கும். நடுவே தோசையில் கண் விழுந்ததுபோல் தெளிந்த வட்டங்கள் தெரிந்தால் அங்கே ஃபேஜ் இருக்கிறது. அதன்பின் அதைப் பெருக்கி, செத்த பாக்டீரியாவின் நஞ்சு துளியும் இல்லாமல் சுத்திகரித்து, மரபணுவைப் படித்து, கெடுதியான மரபணு எதுவும் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். சிலருக்கு உடம்பே ஃபேஜை எதிர்த்து அழித்துவிடும். ஒருவருக்குக் கேட்ட ஃபேஜ் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காது. மருந்துக் கடையில் அட்டையாக வாங்கும் பொருளாக இது இருக்காது.

அதனால்தான் எனக்கு வடநெம்மேலி நினைவுக்கு வருகிறது. 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே பாம்பு விஷம் எடுத்துக் கொடுக்கிறது. அதைக்கொண்டு நாடு முழுவதற்கும் விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து வடக்கே சில இடங்களில் சரியாகக் கேட்பதில்லை என்று பிறகு தெரிந்தது. கடித்த மண்ணின் பாம்புக்கு அந்த மண்ணிலேயே மருந்து தேட வேண்டும். ஃபேஜும் அப்படியே. எங்கள் ஆஸ்பத்திரிகளில் திரியும் சூடோமோனாஸுக்குப் பொருந்தும் ஃபேஜை கனெக்டிகட்டிலிருந்து எதிர்பார்த்திருக்க முடியாது. நம் சாக்கடையில், நம் ஆறுகள் வந்து விழும் இந்த ஏரியில் தேட வேண்டும். தேடுவதற்கு ஆள் இருக்கிறது. பொன்னேரியில் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அம்மைத் தடுப்பு மருந்து செய்து நூறாண்டு கண்ட கிண்டி கிங் நிறுவனம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சேரும் அடங்காத கிருமிகளை ஒரு பக்கமும், மாணவர்கள் சேர்க்கும் ஃபேஜ்களை மறுபக்கமும் வைத்துப் பொருத்திப் பார்க்கும் ஒரு ஃபேஜ் வங்கியைத் தமிழ்நாடு அரசு தொடங்க வேண்டும். இந்த மேடையிலிருந்து அதைக் கோரிக்கையாக வைக்கிறேன். உப்பு வாசலையே திறக்கும் மூன்று மருந்துக் கூட்டு ஒன்று 2019ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே அப்போது அதன் விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். நம் பிள்ளைகளில் பலருக்கு மரபணுப் பழுதின் வகையே வேறு என்பதால், வாங்க முடிந்தாலும் எல்லோருக்கும் அது கேட்காது. ஃபேஜுக்கு இங்கே உள்ள அவசரம் அங்கே உள்ளதைவிடக் கூடுதல்.

ஆனால் வங்கி வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நான் சொன்ன அந்தப் பெண்பிள்ளை இப்போது பள்ளிக்குப் போகிறாள். சாப்பாட்டோடு செரிமான மாத்திரை, கோடையில் கூடுதல் உப்பு, காலையும் மாலையும் முதுகைத் தட்டிச் சளியை இறக்கும் பயிற்சி, நெபுலைசர். இவ்வளவில் எடை ஏறியது. அவளுடைய சளியில் உள்ள சூடோமோனாஸுக்கு இன்னும் இரண்டு மருந்துதான் கேட்கிறது. நாலு வயதிலேயே கண்டுபிடித்திருந்தால் இன்னும் நிறைய மிச்சம் இருந்திருக்கும்.

ஆகவே தாய்மார்களே, அங்கன்வாடி அம்மாக்களே, கிராமச் செவிலியர்களே: இருமல் மாதக்கணக்கில் நிற்காமல், சாப்பிட்டும் தேறாமல், மலம் எண்ணெயாகப் போய், குளித்து வந்த பின்னும் தோல் உப்புக் கரிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும், முந்திய பிள்ளை ஒன்று காரணம் தெரியாமல் தவறிய வீடு எதுவாக இருந்தாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வியர்வைப் பரிசோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடலோரத்துப் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று யார் சொன்னாலும் திரும்பி வராதீர்கள். முன்கையில் மருந்து தடவி, மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, அரை மணி நேரம் வியர்வை சேகரிப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை.